இடது சக்கரத்து ஆணி

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. பின்னால் நிற்கிறவர்களும் நகர்ந்து உட்காருங்கள். ஒரு அக்கா, ஒரு தங்கை, தொலைந்துபோன ஒரு ஆணி, அந்தக் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான்.

இறுதி ஆட்டம் தொடங்கப் போகிறது. அக்காவின் நாற்காலி ஒற்றைச் சக்கரத்தோடு ஒருக்களித்துக் கிடக்கிறது.

உட்கார்ந்தபடியே கூடைப்பந்து ஆடுகிற சக்கர நாற்காலி அது. சக்கரங்கள் மேலே நெருங்கி, கீழே அகன்று, கால் விரித்து நிற்கும் கன்றுக்குட்டி மாதிரி இருக்கும். வண்டியில் ஏற்றும்போது சக்கரங்களைக் கழற்றிவிடுவார்கள். இறக்கியதும், விரல் நீள எஃகு ஆணியை நடுவில் செருகி மாட்டுவார்கள்.

வலது சக்கரம் மாட்டியாயிற்று. இடது சக்கரத்து ஆணியைக் காணோம்.

தங்கைதான் அணிக்கு மெக்கானிக். பைக் பட்டறையில் வேலை. சங்கிலியில் முடி சிக்காமல் இருக்க அவள் அள்ளிப் போடும் கொண்டையைப் பார்த்து, நடுவரே ஒருநாள் பந்து என்று பிடுங்கப் போகிறார் என அணியில் கேலி செய்வார்கள்.

இன்று யாரும் கேலி செய்யவில்லை. அவள் பையைக் கொட்டினாள். ஷூவை உதறினாள். பெஞ்சுக்கடியில் தவழ்ந்தாள். வண்டிக்கு ஓடினாள், வெறுங்கையோடு திரும்பினாள்.

“வேற யாரோட ஆணியாவது போடும்மா!” என்று பயிற்சியாளர் கத்தினார்.

“சேராது சார். அக்காவோடது பழைய மாடல், துளை பெருசு.”

வேறொருத்தி நாற்காலியில் ஏறவும் வழியில்லை. ஒவ்வொன்றும் அவரவர் இடுப்புக்கு அளவெடுத்துச் செய்தது.

அக்கா வீட்டில் புழங்கும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தொடையைக் கட்டும் பட்டையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள். நாட்டு அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் முதல் வரிசையில் இருந்தார்கள். அவளுக்கு வயது ஏறிவிட்டது. அடுத்த முறை என்று ஒன்று கிடையாது. இந்த நாளுக்காகவே நாற்காலி மெத்தைக்குத் தானே கறுப்புத் துணியில் புது உறை தைத்துப் போட்டிருந்தாள்.

“தேடுடி. உன் கால்ல விழறேன், தேடு.”

விசில் ஒலித்தது. அக்காவின் இடத்தில் வேறொருத்தி உருண்டு போனாள்.

தங்கை எழவில்லை. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்க, தவழ்ந்துகொண்டே இருந்தாள். பாதி ஆட்டம் போயிற்று. முழங்கால் தோல் உரிந்தது.

“பொறாமைடி உனக்கு!” அக்காவின் குரல் உடைந்தது. “நடக்காமலே உன்னைத் தாண்டிப் போயிடுவேன்னு பொறாமை. நான் செத்தாக்கூட என் மூஞ்சில முழிக்காதே.”

செத்தால் என்ற சொல்லில் தங்கை தவழ்வது ஒரு கணம் நின்றது. பிறகு கடைசி பெஞ்சுக்கு அடியில், யாருக்கும் முகம் தெரியாத இடத்துக்கு நகர்ந்து போனாள்.

அன்று காலையில் பயிற்சி முடிந்து நாற்காலியை வண்டியில் ஏற்றும்போது, அந்த மெத்தையைத் தூக்கிய தங்கையின் உள்ளங்கை ஈரமாகியிருந்தது.

கறுப்புத் துணியில் ஒன்றும் தெரியவில்லை. கையில் சிவப்பாகத் தெரிந்தது.

உட்கார்ந்தே இருப்பதால் வருகிற புண். போன வருடம் எலும்பு வரை போய், மாதக்கணக்கில் அக்காவைக் குப்புறப் போட்ட அதே புண். இன்னொரு முறை வந்தால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். இடுப்புக்குக் கீழே அக்காவுக்கு வலி தெரியாது. ஆனால் கறை தெரியும். தெரிந்துதான் கறுப்பாகப் பார்த்துத் துணி வாங்கியிருக்கிறாள். அவளிடம் என்ன சொல்லி, எப்படி நிறுத்துவது?

பெஞ்சுக்கடியில் கொண்டை சரிந்தது. பிடரியில் எஃகு சில்லென்று பட்டது.

தங்கை அதைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளி, முடியை இறுக்கி முடிந்துகொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி தேட ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் நோவு வராமல் இருக்கட்டும். வந்தாலும், திட்டு வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே இருக்க ஒருத்தி இருக்கட்டும். அவள் தலைமுடிக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.