மொறுமொறுப்பு

தூக்கத்தில் கணவன் பல்லை நறநறவென்று கடிப்பதை டாக்டருக்குப் போட்டுக் காட்டத்தான் பூங்கோதை போனில் பதிந்து கொடுத்தாள். அவனோ அதை ஆபீஸ் மீட்டிங்கில் கைதவறிப் போட்டுவிட்டான். சிப்ஸ் விளம்பரத்துக்குச் சத்தம் தேடிக்கொண்டிருந்த ஏழு நாட்டுக்காரர்களும் கைதட்டினார்களாம்.

“இப்படியொரு மொறுமொறுப்பை அவங்க கேட்டதே இல்லையாம், கோதை.”

“கடைவாய்ப் பல்லு விரிசல் விட்டிருக்கு. வேலை டென்ஷனைக் குறைச்சாத்தான் பல்லைக் கடிக்கிறது நிக்கும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?”

“சொன்னாரு. ஆனா ஆபீசுக்கு இன்னும் கொஞ்சம் பதியணுமாம். அதுவரைக்கும் வைத்தியம் வேண்டாங்கிறாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே, ஆபீசில் கொடுத்த மைக்கைத் தலைமாட்டில் நிறுத்தினான்.

“உன் மூச்சுச் சத்தமும் அதுல விழுதாம். நீ ஹால்ல படுத்துக்கோ.”