கொடிக்காலில் கிடைத்த யானை

நாமக்கல் கல்யாண மண்டபத்தில் அன்றைக்குக் கல்யாணம் இல்லை. மணவறை இருக்க வேண்டிய இடத்தில் நீள மேசை போட்டு, வெள்ளை வேட்டி விரித்து, பாசிமணி, சங்கு வளையல் துண்டு, சுடுமண் தக்களி என்று மண்ணுக்கடியில் கிடைத்த சின்னச் சின்னச் சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். படித்த மனுஷர்கள் பூதக்கண்ணாடியும் கையுமாக, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி குனிந்து குனிந்து பார்த்தார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் இப்படிக் கூடுவார்களாம்.

அர்த்தநாரி பக்கத்து வேலூரிலிருந்து காலையில் பஸ் பிடித்து வந்தது அதைப் பார்க்க அல்ல. திருட்டு வேலை செய்ய.

மேசை நடுவில் இருந்த யானை முத்திரை அவருடைய வெற்றிலைக் கொடிக்காலில் வாய்க்கால் வெட்டும்போது கிடைத்தது. பெருவிரல் அகலம், சுட்ட மண், யானைக்கு ஒரு காது மூளி. "பார்த்துட்டுத் தரேனுங்க" என்று, ஊர் ஊராகப் பழஞ்சாமான் சேர்க்கிற கண்ணுசாமி வாத்தியார் வாங்கிப் போனார். அப்புறம்தான் டீக்கடையில் சேதி அடிபட்டது. இந்த மாதிரிச் சாமான் கிடைத்த பூமியைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளுமாம். கம்பி வேலி போடுமாம். சொந்தக்காரன் வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானாம்.

அன்றிலிருந்து அர்த்தநாரிக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கொடிக்கால்தான் அவருக்கு எல்லாம். சர்க்காரையும் நம்ப மாட்டார், வாத்தியாரையும் நம்ப மாட்டார். பொண்டாட்டி பொன்னாத்தாள் மழை பெய்கிறது என்றாலும் வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

மண்டப வாசலிலேயே வாத்தியாரைப் பிடித்தார்.

"சாமி, என்ற சாமானைக் குடுத்துப்போடுங்க."

"பொறுங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் மெட்ராஸ் புரொபசர் ஒவ்வொண்ணா எடுத்துப் பேசுவார்."

"என்ற பேரு அதுல இருக்குதுங்களா?"

"பக்கத்துல அட்டை வெச்சிருக்குதில்லைங்க? பேரு, எடம் எல்லாம் அதுலதான். பத்து ஊர்ல வாங்குனது. எது எவரு பூமியில கெடச்சதுன்னு அட்டையைப் பார்த்தாத்தான் எனக்கே தெரியும்."

அர்த்தநாரிக்கு மூச்சு சீராக வந்தது. வேலை சுலபம்.

யானைக்குப் பக்கத்திலேயே ஓர் உடைந்த நீலப் பாசி இருந்தது. அது பங்காளி தீர்த்தகிரியுடையது. ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தானே, தெரியாதா? அவனுக்கு இருப்பது கரட்டோரம் ஒரு கல்லாங்காடு. விதைத்த விதைகூடத் திரும்பாது. விற்கவும் முடியாமல் கிடக்கிறான். அங்கே போடட்டுமே கம்பி வேலியை!

அந்தத் தீர்த்தகிரியே முன்வரிசையில், சலவைச் சட்டையும் விபூதியுமாக உட்கார்ந்திருந்தான்.

"என்றா, எனக்கு முந்தி வந்துட்டயாட்ட இருக்குது? பந்திக்கு எடம் புடிக்கவா?"

"ஆமாங்கண்ணா. பாயசம் உண்டாமா" என்று பல்லைக் காட்டினான்.

சாப்பாட்டு மணி அடித்தது. பந்தி என்றால் படித்தவர்களும் ஓடத்தான் செய்கிறார்கள். வேட்டியை இறுக்கிக் கட்டுகிற சாக்கில் அர்த்தநாரி பின்தங்கினார்.

அவருக்கு எழுத்து வாசனை கிடையாது, கைநாட்டுதான். அதனாலென்ன? யானைப் பக்கத்து அட்டையை எடுத்துப் பாசிக்கு வைத்தார். பாசிப் பக்கத்து அட்டையை எடுத்து யானைக்கு வைத்தார். இதற்குப் பள்ளிக்கூடமா போக வேண்டும்?

பந்தியில் பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தார். எதிர்வரிசையில் தீர்த்தகிரியும் சளைக்காமல் வெட்டினான். பாவம், தின்னட்டும் என்று நினைத்துக்கொண்டார். கூட்டம் தொடங்கியதும் அவன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார். அவன் மூஞ்சி போகிற போக்கைக் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டாமா?

புரொபசர் யானையைத்தான் முதலில் எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். பூதக்கண்ணாடி வைத்து மறுபடி பார்த்தார்.

"இந்த ஒரு முத்திரைக்காகவே நாம் கூடியிருக்கிறோம் என்று சொல்வேன். இது கிடைத்த நிலத்தைத் தோண்டியே ஆக வேண்டும். நிலத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி அரசாங்கத்துக்கு நானே எழுதுகிறேன்."

தீர்த்தகிரி முகமெல்லாம் மலர, எழுந்தே நின்றுவிட்டான். 'வெவரங்கெட்ட பயல்' என்று அர்த்தநாரி சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

புரொபசர் அட்டையை எடுத்து உரக்கப் படித்தார்.

"அர்த்தநாரி, வெற்றிலைக் கொடிக்கால், வேலூர்."

அர்த்தநாரியின் வாயிலிருந்து துண்டு நழுவி விழுந்தது.

பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்த தீர்த்தகிரி, தலையில் கைவைத்துக்கொண்டு அவர் காதோரம் அழாத குறையாகச் சொன்னான்:

"அண்ணா, என்ற கல்லாங்காட்டைச் சர்க்கார் தலையில கட்டிப்போடலாம்னு, காலையில ஒருத்தரும் வாரதுக்கு முந்தியே அந்த ரெண்டு அட்டையையும் மாத்தி வெச்சிருந்தனுங்க, எந்தப் படுபாவி மறுக்கா மாத்துனான்னு தெரியலையே!"