வலது பக்கம்

சக்கரம் வைத்த மருந்து மேசை சுவரில் மோதிக் கவிழ்ந்தது. அதைத் தொடர்ந்து எஃகு முக்காலி ஒன்று பறந்து வந்தது. பெண் மருத்துவர் குனிந்திராவிட்டால் அது அவருடைய நெற்றியைப் பிளந்திருக்கும்.

“வாரக்கணக்கா மண்டையில டொக்கு டொக்குன்னு தட்டுறீங்களே, கை ஒரு விரக்கடையாவது ஏறுச்சா? ஆராய்ச்சி பண்ண உங்களுக்கு என் தலைதான் கெடச்சுதா?” என்று கர்ஜித்தார் இரும்புப் பட்டறைக்காரர்.

இடது கையால் மருத்துவரின் வெள்ளைக் கோட்டைக் கொத்தாகப் பற்றி, அவரைச் சுவரோடு சேர்த்து அறைந்தார். மருத்துவரின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்து இரத்தம் கசிந்தது.

உதவியாளர் கதவுக்குப் பின்னால் பதுங்கிவிட்டார். பட்டறைக்காரரின் மனைவி மட்டும் சற்றும் பதறாமல், கணவருக்கு வலது பக்கமாக வந்து நின்றுகொண்டார்.

“விட்டுடுங்க. இப்படி உலுக்கினா உங்களுக்குத்தான் வலிக்கும்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் பட்டறைக்காரரின் வலது தோளில் வலி சுரீரென்று பாய்ந்தது. அவர் அலறியபடி நாற்காலியில் சரிந்தார். மார்புக்கு மேல் எழ மறுத்த அந்த வலது கை, மடியில் பிணம்போல் கிடந்தது.

“மன்னிச்சுக்கோங்க டாக்டரம்மா. வலிதான் இவரை இப்படி ஆட்டிவைக்குது. மத்தபடி மனுஷன் தங்கம்,” என்றார் மனைவி. பேசும்போதெல்லாம் வாயைக் கையால் மறைத்துக்கொள்வது அவருடைய வழக்கம்.

மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. மூளையைக் காந்தத்தால் தூண்டித் தோள்வலியைத் தணிப்பதுதான் அவருடைய ஆய்வு. இதே சிகிச்சை பெற்ற மற்றவர்கள் இப்போது தாமே தலை வாரிக்கொள்கிறார்கள். இவருக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை என்பதே அவருக்கு விளங்கவில்லை.

“இன்னிக்கும் முன்னேற்றம் இல்லைன்னா இவரை ஆய்வுலேர்ந்து எடுத்துடுவாங்கம்மா. இதுதான் கடைசி வாய்ப்பு. அதனால நானே உக்காந்து பாக்கறேன்.”

“நீங்களேவா? உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? எப்பவும்போல உதவியாளர் தம்பியே பாத்துக்கட்டுமே,” என்றார் மனைவி.

“தம்பி கதவைவிட்டு வர்ற மாதிரி தெரியலையே!”

இயந்திரத்தின் சத்தத்துக்காகப் பட்டறைக்காரரின் காதுகளில் பஞ்சடைப்பான்கள் செருகப்பட்டன. அவர் பல்லைக் கடித்துக் கண்களை மூடிக்கொண்டார். சிவப்புப் புள்ளியிட்ட துணித்தொப்பியை மனைவி அவருக்குப் பின்னால் நின்று அணிவித்தார். அதை அணிவிக்க வேறு யார் வந்தாலும் அவர் உதைப்பார் என்பதால் அது எப்போதும் மனைவியின் பொறுப்பு. தொப்பியை அளவுபார்த்துச் சரிசெய்தபின், மருத்துவர் காந்தச் சுருளைத் தொப்பியின் புள்ளியோடு சேர்த்துப் பொருத்தினார். சரியான இடத்தில் பட்டால் வலது கட்டைவிரல் துள்ள வேண்டும்.

டொக்!

கட்டைவிரல் துள்ளியது. கிழிந்த உதட்டோடு மருத்துவர் புன்னகைத்தார். விசையைக் கூட்டுவதற்காக ஒரு கணம் இயந்திரத்தின் பக்கம் திரும்பினார்.

டொக்! இம்முறை விரல் அசையவில்லை. பட்டறைக்காரர் உறுமிக்கொண்டு இயந்திரத்தின் அடிப்பலகையை எட்டி உதைத்தார். அதன்மேல் இருந்த கண்ணாடிக் குவளை ஒன்று விழுந்து நொறுங்கிச் சிதறியது.

மருத்துவர் மறுபடி அளந்து தொப்பியைச் சரிசெய்தார். விரல் துள்ளியது. அவர் திரும்பினார். விரல் செத்தது.

மூன்றாம் முறை அவர் திரும்புவதுபோல் பாவனை மட்டுமே செய்தார். கணவரின் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு விரல் மெல்ல நீண்டு, தொப்பியைச் சுருளோடு பக்கவாட்டில் நகர்த்தியது.

பாய்ந்து மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார் மருத்துவர். அவருடைய நகங்கள் சதையில் பதிந்தன.

“என்ன காரியம் பண்றீங்க? இத்தனை நாளும் நீங்கதான் நகர்த்தினீங்களா? உங்களை நம்பித்தானே இந்த மனுஷன் தலையைக் குடுத்துட்டு உக்காந்திருக்காரு! பாவம், வலியில மிருகமாவே மாறிட்டாரு. இவர் கை ஏறவே கூடாதா உங்களுக்கு?”

மனைவி கையை விடுவித்துக்கொண்டு, கணவரின் காதிலிருந்த அடைப்பான்கள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பிறகு முதல்முறையாக, வாயை மறைக்காமல் நிமிர்ந்தார். முன்பற்கள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

“ஏறினா, என் மேலதாம்மா இறங்கும்.”