ஒன்பது மாமன்மாருக்கு ஒரே கை

பேத்தியின் காதுகுத்துப் பேனருக்காக அரிமளம் பிளெக்ஸ் கடையில் திரைமுன் குனிந்திருக்கிறார் மலையாண்டி. பின்னால் பிரிண்டர் சரக்சரக்கென்று இழுக்கிறது. வெள்ளைச் சட்டை, கூப்பிய கை, பெயர்ப்பட்டை எல்லாவற்றையும் ஒரே குரூப்பாகக் கட்டி, காப்பி மேல் காப்பி போடுகிறாள் கடைக்காரி திலகவதி. ஒருவர் ஒன்பது மாமன்மாராகப் பெருகுகிறார். தலையும் பெயரும் மட்டும் மாறுகின்றன. ஒன்பது பேருக்கும் வலது கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது. மலையாண்டி கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னும் கிட்டே போகிறார். போன மாதம் சம்பந்தி வீட்டுப் பேனரிலும் இதே நகம்தான். “ஏம்மா, இது யாரு கை?” “எங்கண்ணன் கைங்க. குவைத் போறப்ப எடுத்த போட்டோ.” திலகவதி அடுத்த மாமனின் தலையை இழுத்து ஒட்டுகிறாள். “எல்லாரு வீட்டு விசேசத்துலயும் நிக்கிறாருங்க. எம்மக காதுகுத்துக்குத்தான் வரல.”