மொட்டை டெம்ப்ளேட்

"என் டெம்ப்ளேட்டைத் தொட்டது யாரு?"

காளிதாஸ் போட்ட சத்தத்தில் ஆபீசே திரும்பிப் பார்த்தது. கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்துகொடுக்கும் சின்னக் கம்பெனி. ராமநாதபுரத்தில் ஒரு மாடியில் இருந்தது.

"நான்தான் தம்பி," என்றாள் சீனியர் சுகந்தி.

நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது டாக்டர் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் சீட்டு அது. அதன் வடிவத்தைச் செய்தவன் காளிதாஸ். நீல பார்டர், நிழல் விழுந்த தலைப்பு, கலர் கட்டங்கள். ஒவ்வொரு அலங்காரத்துக்கும், வேறு யாரோ எழுதி இணையத்தில் போட்ட துணை நிரலான ஒரு பேக்கேஜைச் சேர்த்திருந்தான். இப்போது பார்த்தால் கறுப்பு எழுத்தும் நாலு கோடும்தான் மிச்சம்.

"இப்பிடி மொட்டையடிச்சு வச்சிருக்கீகளேக்கா!"

"அழகையெல்லாம் தனியா எடுத்து வச்சிருக்கேன். வேணுங்கிறவுக சேத்துக்கட்டும். நாம கூடவே குடுக்கிற டெம்ப்ளேட்டு எந்த கம்ப்யூட்டர்லயும் ஓடணும். நீ செஞ்சதுல, கம்ப்யூட்டர்ல ஒரு பேக்கேஜ் இல்லேன்னாலும் சீட்டே வராது."

"இல்லேன்னா நெட்டுல இறக்கிக்கிட வேண்டியதுதான? இந்தக் காலத்துல நெட் இல்லாத ஊரா?"

சுகந்தி தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பொறாமைக்கா உங்களுக்கு! நேத்து வந்த பய பேர் வாங்கிருவான்னு பொறாமை!"

பக்கத்து மேஜையில் கவிப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். சுகந்தியின் முகம் சுண்டிப்போனது.

"போயி வேலையப் பாரு தம்பி."

அவன் வேலையைப் பார்க்கவில்லை. நேரே முதலாளி நெய்னா முகம்மதுவின் அறைக்குள் நுழைந்தான்.

"நியாயம் கேக்க வந்திருக்கேன் சார். நான் செஞ்ச சீட்டு டெம்ப்ளேட்ட, என்னைய ஒரு வார்த்தை கேக்காம சுகந்தி அக்கா பிச்சுப் போட்டுட்டாக!"

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ செஞ்சதா? சுகந்தில்ல அதைச் செஞ்சது?"

காளிதாசுக்குக் கொதித்தது. "அப்பிடியா சொல்லிக்கிட்டுத் திரியிறாக? ஒரு வரி அவுக எழுதல சார். முந்தாநாள் வரைக்கும் அவுக கையே படல. வேணும்னா கவிப்ரியாவக் கேட்டுப் பாருங்க!"

"நெசமாவா?"

"சத்தியமா சார்!"

முதலாளி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"போன வாரம் முதுகுளத்தூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு, பாம்பு கடிச்ச பிள்ளையத் தூக்கிட்டு வந்திருக்காக. அந்நேரம் நெட் இல்ல. சீட்டு எடுத்தா, 'பேக்கேஜ் இல்லை'ன்னு சொல்லி நின்னுபோச்சு. டாக்டரம்மா கையால எழுதி அனுப்பி வச்சிருக்கு. அல்லா காவல், பிள்ளை பொழச்சுக்கிருச்சு."

காளிதாஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"அதைச் செஞ்ச ஆளை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பணும்னு நின்னேன். சுகந்தி வந்து, 'நான்தான் சார் செஞ்சேன்'னுச்சு. பழைய ஆளாச்சேன்னு, சுகந்திக்கு வர வேண்டிய டீம் லீடர் பதவிய மட்டும் பறிச்சேன்."