கேட்டில் மாட்டிய பலகை

எஸ்தர் டீச்சர் வீட்டில் ஒரு பிரம்பு நாற்காலியும், அதற்கு அடியில் ஒரு தோல் செருப்பும் இருந்தன. ஒரு வாரமாக இரண்டுக்கும் நிம்மதியே இல்லை.

முதலில் குண்டான் அளவுக்கு ஒரு சாப்பாட்டுக் கிண்ணம் வந்தது.

"இவ்வளவு தின்னணும்னா வாய் எவ்வளவு பெரிசா இருக்கும்!" என்றது செருப்பு.

மறுநாள் பினாயில் பாட்டிலை டீச்சர் அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினாள். தரையில் கிடந்த ஒயர்களைச் சுவரோடு சேர்த்துக் கட்டினாள். பிறகு மாட்டைக் கட்டுகிற மாதிரி ஒரு சங்கிலி வந்தது.

"பெரிய ஜாதிங்க. எல்லாம் உறுதியா இருக்கணும்" என்று போனில் யாரிடமோ சொன்னாள்.

"என் காலெல்லாம் வெறும் பிரம்புடா" என்று நாற்காலி முனகியது.

"உனக்கு நாலு இருக்கு அண்ணே. நான் ஒரு வாய்க்குக்கூடக் காணமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் கேட்டின் வெளிப்பக்கம் ஒரு பலகையை மாட்டிவிட்டுக் கிளம்பினாள். மாலையில் கதவு திறந்தது. கொழுகொழுவென்று ஒரு நாய்க்குட்டி ஓடி வந்து, நாற்காலிக்கு அடியில் புகுந்து, செருப்போடு ஒட்டிக்கொண்டது. அதன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"என்ன கண்ணு, என்ன ஆச்சு?" என்றது செருப்பு.

"கேட்டுல இருக்கிற பலகை என்னைப் பார்த்ததும், 'நாய், ஜாக்கிரதை!'ன்னு சொல்லிச்சு. இந்த வீட்டுல அப்படி என்ன அண்ணே இருக்கு?"

செருப்புக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

"சத்தம் போடாதே" என்றது மெல்ல. "அது இன்னும் வரல."