போர்ஷே புறப்பாடு

"பெல்ட்ட நன்னா இழுத்து மாட்டிக்கோ, வத்ஸலா. இது சாதாரண வண்டி இல்லே."

அழகியமணவாளன் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு சொன்னார். நெற்றியில் பளிச்சென்று திருமண். கண்ணாடிக்கு அப்பால் சிவப்பு பானெட் வெயிலில் மின்னியது. சின்ன காஞ்சிபுரம் சந்நிதி வீதி மெல்லப் பின்னால் நகரத் தொடங்கியது.

வத்ஸலா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஞாபகம் இருக்கட்டும். இன்னிக்கு ஒரு நாள்தான். இதோட நம்மாத்துல போர்ஷே பேச்சு முடிஞ்சுடணும்."

"சொன்னா சொன்னதுதான்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கல்லூரி நாளில் ஏதோ ஒரு பத்திரிகையில் அந்தக் காரின் படத்தைப் பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் போர்ஷே என்ஜினை விளக்குவார். அதைக்கூட வத்ஸலா பொறுத்துக்கொண்டாள். போன வாரம் துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், புருஷனைப் பறிகொடுத்தவளிடமே அதன் முகப்பு விளக்கைப் பற்றி ஆரம்பித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து அவரோடு பேச்சே இல்லை.

அந்த நேரம் பார்த்து, இன்று காலை அவருடைய பழைய மாணவன் ராம்ப்ரஸாத் சென்னையிலிருந்து வரதரைச் சேவிக்க வந்தான். வந்தது போர்ஷேயில். மத்தியானம் அவசர வேலை என்று டாக்ஸி பிடித்துக் கிளம்பும்போது, கார் சாவியை ஆசிரியர் கையில் வைத்தான்.

"சார், இது ஏனாத்தூர்ல எங்க அண்ணா ஆத்து ஷெட்டுக்குப் போகணும். நீங்க ஆசைப்பட்ட வண்டி. நீங்களே உள்ளே உக்காந்துண்டு போங்கோ. மாமியையும் அழைச்சுண்டு போங்கோ."

இதோடு போர்ஷே பேச்சு முடிய வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் வத்ஸலா ஏறினாள்.

"ரொம்ப ஆடறதே" என்றாள் இப்போது.

"ஆடட்டும். கேளு, எல்லாக் கார்லயும் என்ஜின் முன்னாடி இருக்கும். இதுல பின்னாடி. நம்ம பெருமாள் தேரை எல்லாரும் முன்னாலேர்ந்து வடம் பிடிச்சு இழுக்கறா. பின்னாலேர்ந்து கட்டை போட்டு நெம்பறாளோன்னோ, அவா இல்லேன்னா தேர் நகருமோ? ஜெர்மன்காரன் அந்த நெம்பறவாளை மட்டும் வெச்சுண்டு வண்டி பண்ணிட்டான்."

"தேரும் இதுவும் ஒண்ணா?"

"முகத்தைப் பாத்தியோ? அறுபது வருஷமா அதே உருண்டைக் கண்ணு. மத்தவா வருஷா வருஷம் மூஞ்சிய மாத்தறா. இவன் மாத்தலே. குறைன்னு பாத்தா, ஸ்டெப்னி கிடையாது. டயர் கிழிஞ்சா கம்பெனி ஆள் வந்தாத்தான் உண்டு."

"அதான் இன்னிக்கே பாத்தாச்சே" என்றாள் வத்ஸலா.

நாலு வீடு தள்ளியிருக்கும் ஸுபத்ரா, பால் பாத்திரமும் கையுமாக வாசலில் நின்று, வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்தாள். வத்ஸலா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு என்ன தோன்றியதோ, கையைத் தூக்கி ஆட்டினாள். தெருவே நின்று சிரித்தது.

டி.கே. நம்பித் தெருவில் ஒரு டவுன் பஸ் பக்கத்தில் வந்து நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா வத்ஸலாவை நேருக்கு நேர் பார்த்தாள்.

"எங்கம்மா போய்க்கினு இருக்கீங்க ரெண்டு பேரும்?"

"ஏனாத்தூருக்கு."

"கல்யாண ஊர்கோலமாட்டம் இருக்குதும்மா."

வத்ஸலாவுக்கு வெட்கமாகப் போயிற்று. பஸ் போன பிறகும் அவள் உதட்டில் சிரிப்பு மிச்சமிருந்தது. சாய்ந்து உட்கார்ந்து, அவர் முன்னால் இருந்த மீட்டர் வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஏன்னா, நடுவுல இருக்கற பெரிய வட்டம் எதுக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து போர்ஷேயைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது... என்ஜின் எத்தனை சுத்து சுத்தறதுங்கற கணக்கு. வேகத்தைவிட அதுதான் முக்கியம்னு நடுவுல வெச்சிருக்கான்."

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. ஏனாத்தூர் ரோட்டில் பைக்கில் வந்த கல்லூரி மாணவர்கள் இவர்களைப் படம் எடுத்துக்கொண்டே கூட வந்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன் வாயே திறக்க மாட்டேங்கறேள்?"

"இன்னும் கொஞ்ச தூரம்தானே இருக்கு. பாத்துண்டே வரேன்."

வத்ஸலா அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

ஷெட் வாசலில் நின்றாயிற்று. அழகியமணவாளன் ஸ்டியரிங்கிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தார். எதிரே இருந்த சிவப்பைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஆச்சு, வத்ஸலா. கொடுத்த வார்த்தையைக் காப்பாத்தறேன். இனிமே இதைப் பத்தி ஒரு பேச்சு பேச மாட்டேன்."

பெல்ட்டைக் கழற்றிக் கதவில் கை வைத்தார். வத்ஸலா பெல்ட்டைக் கழற்றவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"தம்பி, காரை லாரியிலேர்ந்து எறக்க வேண்டாம். இன்னொரு சுத்து போலாம்."